காவல்துறை மீது புகார்: விசாரணை முடிய எவ்வளவு காலம் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவலர் அடித்தார், பொய் வழக்குப் போட்டார், காவலில் இருந்தவர் இறந்துபோனார். புகார் எதுவாக இருந்தாலும், கொடுத்த சில வாரங்களிலேயே "இது எப்போது முடியும்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் கோப்பு எங்கே தேங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலான நாடுகளில் காரணங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்தக் காரணங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எங்கே பொறுக்கலாம், எங்கே பொறுக்கக் கூடாது என்று முடிவு செய்யலாம். அதற்காகத்தான் இந்தப் பக்கம். உங்கள் வழக்கின் நுணுக்கங்களுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே வரியில் சொன்னால், எவ்வளவு காலம்?

மரியாதையில்லாமல் பேசினார், மனுவை வாங்க மறுத்தார் போன்ற புகார்கள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிந்துவிடலாம். அடித்தது, சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தது போன்றவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை எதிர்பார்க்கலாம். உயிர் போயிருந்தாலோ துப்பாக்கிச் சூடு நடந்திருந்தாலோ கணக்கு ஆண்டுகளில்தான். குற்ற வழக்கும் சேர்ந்துகொண்டால் இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் என்று நீள்வது சாதாரணம். இவை தோராயமான அளவுகள். உங்கள் புகார் இதற்கு முன்னாலும் முடியலாம், பின்னாலும் முடியலாம்.

"விசாரணை" என்று சொல்வது எதை? ஒன்றா, பலவா?

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே சம்பவத்துக்கு நான்கு விசாரணைகள் வரை தனித்தனியாக ஓடலாம். அந்தக் காவலர் குற்றம் செய்தாரா என்பதைப் பார்க்கும் குற்ற விசாரணை ஒன்று. பணி ஒழுங்கை மீறினாரா என்பதைப் பார்க்கும் துறைரீதியான விசாரணை ஒன்று. மனித உரிமை ஆணையமோ, காவல் புகார் ஆணையமோ நடத்தும் சுயாதீன விசாரணை இன்னொன்று. நாலாவது, பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டுப் போடும் வழக்கு. மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணையோ, பிரிட்டனில் நடப்பதுபோல் மரண விசாரணை மன்றமோ கூடவே வரும்.

ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் தனி, கேட்கும் கேள்வியும் தனி. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். அதனால் "விசாரணை முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த விசாரணை என்று முதலில் கேளுங்கள்.

சட்டத்தில் காலக்கெடு இருக்கிறதா?

பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அவை ஒரே மாதிரியானவை இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், காவலரால் மரணமோ படுகாயமோ ஏற்பட்டால் 1990-ல் தொடங்கப்பட்ட சிறப்புப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. அதற்கென 2019-ல் இயற்றி 2020 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி 120 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் 30 நாளுக்கு ஒருமுறை நிலையைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று. தாமதமே கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. தாமதத்துக்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல் என்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, விசாரணை 12 மாதத்தைத் தாண்டினால் ஏன் தாண்டியது, இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று விசாரிக்கும் அமைப்பு எழுத்தில் விளக்க வேண்டும். அதையும் கெடு என்று சொல்ல முடியாது, ஒரு கணக்குக் கேட்கும் ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில், தவறு நடந்தது உரிய அதிகாரிக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விசாரணையை முடித்து, உத்தேசிக்கும் தண்டனையைக் காவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நியூயார்க்கில் துறை நடவடிக்கைக்கு 18 மாதம். மேரிலாந்தில் 2021-ல் வந்த சட்டம், பொதுமக்கள் கொடுக்கும் புகாருக்கு ஓராண்டும் ஒரு நாளும் கொடுக்கிறது.

இந்தியாவில் காவலர் மீதான புகாருக்கென்று ஒரே கெடு கிடையாது. பல சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. எந்த அரசு ஊழியர் மீதான துறை விசாரணையும் ஆறு மாதத்துக்குள், தவிர்க்க முடியாத நிலையில் ஓராண்டுக்குள் முடிய முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்டால் அரசு 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். இந்த அனுமதிக்காகக் கோப்புகள் வருடக்கணக்கில் மேசையில் தூங்கிய பழைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

ஐரோப்பாவில் மனித உரிமை நீதிமன்றம் நாள்கணக்கு சொல்வதில்லை. விசாரணை சுயாதீனமாக, போதுமானதாக, விரைவாக, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதாக, பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதாக இருக்க வேண்டும் என்று ஐந்து அளவுகோல் வைத்திருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் 1992-ல் ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற வழக்கில், மரண விசாரணை இழுத்துக்கொண்டே போனதும் உயிர்வாழும் உரிமை மீறல் என்று அந்த நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்தது. தாமதத்தையே உரிமை மீறலாகப் பார்த்த தீர்ப்பு அது.

கெடு தாண்டினால் என்ன ஆகும்?

இரண்டு விதம். ஒன்டாரியோ, இங்கிலாந்து போன்ற இடங்களில் விசாரணை தொடரும், விளக்கம் மட்டும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் காலம் கடந்தால் பொதுவாக அந்தக் காவலரைத் துறைரீதியாகத் தண்டிக்கவே முடியாது. விலக்குகள் உண்டு. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் கலிஃபோர்னியாவின் ஓராண்டுக் கணக்கில் சேராது. நியூயார்க்கில் அந்தச் செயலே ஒரு குற்றமாக இருந்தால் 18 மாத வரம்பு தடையாகாது.

இந்த இரண்டாவது வகைக் கெடுவைப் பார்த்துப் புகார்தாரர் சந்தோஷப்படுவதில் அர்த்தம் இல்லை. கெடு கடுமையாக இருந்தால் விசாரணை வேகமாகும் என்பது உண்மைதான். ஆனால் அலுவலகம் மெத்தனமாக இருந்து கெடு தப்பிப்போனால் தண்டனை கிடைப்பது யாருக்கு? புகார் கொடுத்தவருக்கு. அதனால் உங்கள் இடத்தில் இருப்பது எந்த வகைக் கெடு என்று முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? வேண்டுமென்றே இழுக்கிறார்களா?

சில சமயம் ஆம். ஆனால் எல்லாத் தாமதத்தையும் சதி என்று எடுத்துக்கொண்டால் தட்ட வேண்டிய கதவைத் தவற விட்டுவிடுவோம்.

மிகப் பெரிய காரணம், ஒரு விசாரணை இன்னொன்றுக்காகக் காத்திருப்பது. நியூயார்க்கில் எரிக் கார்னர் 2014 ஜூலை 17 அன்று போலீஸ்காரர் ஒருவரின் கழுத்துப் பிடியில் சிக்கி இறந்தார். அந்தக் காட்சி செல்போனில் பதிவாகி உலகமே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாநில நீதிமன்றத்தின் பெருஞ்சான்றாயர் குழு (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) குற்றம் சாட்ட மறுத்தது. மத்திய நீதித் துறை தன் பங்குக்கு விசாரித்தது. அது முடியட்டும் என்று நகரக் காவல்துறை பல ஆண்டுகள் காத்திருந்தது. வழக்குப் போடுவதற்கான ஐந்தாண்டு வரம்பு முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2019 ஜூலையில், வழக்கு இல்லை என்று நீதித் துறை அறிவித்தது. அந்தக் காவலர் பணிநீக்கம் ஆனது 2019 ஆகஸ்ட் 19 அன்று. துறை விசாரணை என்று பார்த்தால் சில வார வேலை. மீதி ஆண்டுகளில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு.

இந்தக் காத்திருப்புக்குச் சட்டக் காரணமும் உண்டு. வேலை போய்விடும் என்ற அச்சுறுத்தலில் காவலரிடம் வாங்கிய வாக்குமூலத்தை அவர் மீதான குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் தீர்ப்பளித்தது. அதனால் "நீங்கள் இப்போது அவரை விசாரித்துக் கேஸைக் கெடுத்துவிடாதீர்கள், பொறுங்கள்" என்று அரசு வழக்கறிஞர்கள் துறையைத் தடுப்பார்கள்.

அடுத்தது ஆய்வக வேலை. பிரேதப் பரிசோதனை அறிக்கை, திசு ஆய்வு, துப்பாக்கி, தோட்டா ஒப்பீடு, செல்போன் பதிவுகள் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்திலிருந்து வர வேண்டும். விசாரணை அதிகாரி கையில் கோப்பு இருக்கும் நாட்களைவிட அவர் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்கள் அதிகம்.

பிறகு ஆள் பிரச்சினை. விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போவார், புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். சாட்சிகளில் பலர் அதே நிலையத்துக் காவலர்கள். உடன் வேலை செய்பவருக்கு எதிராக அவர்கள் லேசில் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது அக்கறையின்மை. அழுத்தம் இல்லாத கோப்பு நகராது. கசப்பான உண்மைதான், ஆனால் நீங்கள் கொஞ்சமாவது கை வைக்கக்கூடிய காரணம் இது ஒன்றுதான்.

குற்ற வழக்கு முடியும் வரை துறை விசாரணை காத்திருந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1999-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குற்றச்சாட்டு கடுமையானதாக, சிக்கலான கேள்விகள் அடங்கியதாக இருந்தால் துறை விசாரணையை நிறுத்தி வைப்பது நல்லது. ஆனால் குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனால் துறை விசாரணையை மீண்டும் தொடங்கலாம். "கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதில் வந்தால், நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பல சமயம் அப்படி ஒன்று இருக்காது.

நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டால் துறை விசாரணையும் முடிந்துபோகுமா?

அவசியம் இல்லை. லண்டனில் 2009 ஏப்ரல் 1 அன்று ஜி20 போராட்டத்தின்போது, வேலை முடிந்து நடந்து போய்க்கொண்டிருந்த பத்திரிகை விற்பனையாளர் இயன் டாம்லின்சனை ஒரு போலீஸ்காரர் அடித்துத் தள்ளினார். அவர் சற்று நேரத்தில் இறந்துபோனார். 2011 மே மாதம் மரண விசாரணை மன்றம் இதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2012 ஜூலையில் குற்ற வழக்கில் அந்தக் காவலர் விடுதலையானார். இரண்டு மாதம் கழித்து, கடும் ஒழுங்கீனம் என்று சொல்லிக் காவல்துறை அவரைப் பணிநீக்கம் செய்தது. மொத்தம் மூன்றரை ஆண்டுகள். விடுதலைத் தீர்ப்பைக் கேட்டு மனம் உடைந்து அதோடு விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். துறை நடவடிக்கை என்ற கதவு அப்போதும் திறந்திருக்கலாம்.

சீக்கிரம் முடிந்த வழக்குகள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே 25 அன்று போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார். மறுநாளே நான்கு காவலர்கள் பணிநீக்கம். 2021 ஏப்ரல் 20 அன்று அவர்களில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு. பதினோரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒரு மருத்துவச் சம்பவம் என்றுதான் சொன்னது. அங்கே நின்ற ஒரு சிறுமி எடுத்த வீடியோ வெளியே வந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் மாதம் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், பயத்தோடுதான் என்றாலும், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். ஜூலைத் தொடக்கத்திலேயே கைதுகள். சிபிஐ பொறுப்பேற்று செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மூன்று மாதம்! ஆனால் அதன் பிறகு நீதிமன்ற விசாரணை வருடக்கணக்கில் நீண்டது. ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டும், அவகாசம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

வேகமாக நகர்ந்த வழக்குகளில் பொதுவாக மூன்று விஷயங்கள் தென்படும்: அழிக்க முடியாத ஆதாரம், உள்ளேயிருந்து பேசிய சாட்சி, வெளியேயிருந்து கண்காணித்த நீதிமன்றமோ மக்களோ.

அப்படியானால் வேகமாக முடித்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. ஆத்திரத்தைத் தணிக்க, முறையான விசாரணை இல்லாமல் பணிநீக்கம் செய்தால் அது தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ நிற்காது. இந்தியாவில் அரசியலமைப்பின் 311-வது பிரிவு, குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே பணிநீக்கம் என்கிறது. விலக்குகள் மிகக் குறைவு. அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் சில ஆண்டுகள் கழித்து அதே காவலர் நிலுவைச் சம்பளத்தோடு திரும்ப வருவார். அது பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது அடி.

காவலர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தவறே செய்யாத ஒருவர் மீது புகார் இரண்டு வருடம் தொங்கினால் பதவி உயர்வு நிற்கும், குடும்பம் தவிக்கும். தாமதத்தால் லாபம் அடைபவர் தவறு செய்தவர் மட்டும்தான்.

முப்பது வருடம் ஆன வழக்குகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஹாஷிம்புராவில் 1987 மே 22 அன்று மாநில ஆயுதப்படையினர் முஸ்லிம் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலானது 1996-ல். உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது 2002-ல். 2015-ல் எல்லோரும் விடுதலை. 2018 அக்டோபர் 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி 16 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள்.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில்.

இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்தது. 97 பேர் உயிரிழந்தார்கள். தவறு ரசிகர்கள் மீது என்று, கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய போலீஸ் ஆரம்பத்தில் பழி போட்டது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2016 ஏப்ரலில்தான் வந்தது. அதற்குள் பொறுப்பான அதிகாரிகள் பணியை விட்டுப் போயிருந்ததால் துறை நடவடிக்கைக்கே இடமில்லாமல் போனது.

சிகாகோவின் காவல் அதிகாரி ஜான் பர்ஜ் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவரும் அவர் கீழிருந்தவர்களும் 1970-களிலும் 80-களிலும் காவலில் இருந்தவர்களைச் சித்திரவதை செய்தார்கள். 1993-ல் பணிநீக்கம். ஆனால் சித்திரவதைக்கு வழக்குப் போட முடியவில்லை, கால வரம்பு முடிந்திருந்தது. 2010-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது, சித்திரவதை பற்றிப் பிற்பாடு பொய் சொன்னதற்காகத்தான். தண்டனை நாலரை ஆண்டு.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்களே, அதுதானே முடிவு?

இல்லை. சஸ்பென்ஷன் தண்டனை கிடையாது, இடைக்கால ஏற்பாடு. இந்தியாவில் மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. அதனால் சத்தமில்லாமல் அவர் திரும்ப வேலைக்கு வந்திருக்கலாம். மூன்றாவது மாதம் நெருங்கும்போது சார்ஜ் மெமோ கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். இடமாற்றமும் அப்படித்தான், அதை நடவடிக்கை என்று நம்பி அமைதியாகிவிட வேண்டாம்.

காவலர் ராஜினாமா செய்தால், ஓய்வு பெற்றால்?

குற்ற வழக்குக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. துறை விசாரணைதான் சிக்கல். இங்கிலாந்தில் 2017 டிசம்பர் முதல், பணியை விட்டுப் போன காவலர் மீதும் கடும் ஒழுங்கீன விசாரணை நடத்தலாம். குற்றச்சாட்டு நிரூபணமானால் மீண்டும் காவல் பணிக்கு வர முடியாதபடி தடைப் பட்டியலில் பெயர் ஏறும். ஆனால் விலகி 12 மாதத்துக்குப் பிறகு புகார் எழுந்தால், மிகக் கடுமையான விதிவிலக்குகள் தவிர, வாய்ப்பு குறைவு. உங்கள் புகாரில் உள்ளவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தால், ஓய்வுத் தேதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதைச் சுட்டிக்காட்டியே மனு கொடுங்கள்.

என் மீதே ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு. புகாரில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்கள் வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். பல நாடுகளில், உங்கள் வழக்கு முடியும் வரை புகார் விசாரணையை நிறுத்தி வைப்பதும் உண்டு. அதற்காகப் புகாரையே தள்ளிப்போட வேண்டாம், கால வரம்பு ஓடிக்கொண்டிருக்கும். தேதியைப் பதிவு செய்யும் அளவுக்குச் சுருக்கமாக ஒரு புகார் கொடுத்துவிட்டு, விரிவான வாக்குமூலத்தைப் பிறகு தரலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்?

முடிந்தால் அன்றே. இந்தியாவில் மனித உரிமை ஆணையங்கள், சம்பவம் நடந்து ஓராண்டு கழிந்த விஷயத்தை விசாரிக்க முடியாது. 1993-ம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. "துறை விசாரணை முடியட்டும், அப்புறம் ஆணையத்துக்குப் போகலாம்" என்று காத்திருந்து இந்த ஓராண்டைத் தொலைத்துவிடாதீர்கள். காவல் மரணம் என்றால், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு அதிகாரிகளே தகவல் தர வேண்டும். தந்தார்களா என்று குடும்பம் கேட்கலாம்.

முதல் சில வாரங்களில் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். விசாரணை எந்த வருடம் முடியும் என்பது உங்கள் கையில் இல்லை. முடியும்போது அதில் என்ன ஆதாரம் இருக்கும் என்பது பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வீடியோதான் முதலில் அழியும். சாத்தான்குளம் நிலையத்தில் ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அந்த இரவின் காட்சிகள் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 18 மாதமும், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்று நம்பி உட்காராமல், "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை உள்ள பதிவைப் பாதுகாக்கவும்" என்று உடனே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இங்கிலாந்தில் காவலர் உடலில் அணியும் கேமராப் பதிவு, ஆதாரம் என்று குறிக்கப்படாவிட்டால், பொதுவாக 31 நாளில் அழிக்கப்படும். கடைகள், வீடுகளில் உள்ள கேமராக்கள் அதைவிடச் சீக்கிரம் பழையதை அழித்துவிடும். அவற்றை நீங்களே போய்க் கேளுங்கள்.

காயம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லுங்கள், அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். காயத்தை அன்றும் அடுத்த சில நாட்களிலும் படம் எடுங்கள். சில கன்றல்கள் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பார்த்தவர்களின் பெயர், எண் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நினைவு புதிதாக இருக்கும்போதே, நேரத்தோடு எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. எப்படிக் கேட்பது?

வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் 28 நாளுக்கு ஒருமுறை புகார்தாரருக்கு நிலவரம் சொல்ல வேண்டும். இந்தியாவில் எஃப்.ஐ.ஆர் பதிவாகியிருந்தால், புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் வர வேண்டும். புலனாய்வுக்கு இடையூறு என்று சொல்லி ஆவணங்களை மறுக்கலாம். ஆனால் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் அவரிடம் போனது என்பது போன்ற கேள்விகளை அந்தக் காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம். "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் "விசாரணையில் உள்ளது" என்று வரும். "எந்த அறிக்கைக்காகக் காத்திருக்கிறீர்கள், அதை எப்போது கேட்டு எழுதினீர்கள்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அதற்கும் பதில் இல்லை என்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நீங்கள் எழுதிய கடிதங்களின் நகலும் ஒப்புகையும்தான் அந்த மனுவுக்கு உயிர்.

இழப்பீட்டுக்கு, விசாரணை முடியும் வரை பொறுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. காவல் மரணத்துக்கு, குற்ற வழக்கின் முடிவை எதிர்பார்க்காமலே அரசிடம் இழப்பீடு பெறலாம் என்பது இந்தியாவில் 1993 முதல் உறுதியான சட்டம். ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தாய் மகனை இழந்து எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்ட வழக்கு அது.

"புகார் நிரூபிக்கப்படவில்லை" என்று கடிதம் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள். நடக்கவே இல்லை என்பது வேறு, நடந்தது ஆனால் விதிக்கு உட்பட்டது என்பது வேறு, தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது வேறு. மூன்றாவது வகை என்றால் புதிய ஆதாரத்தோடு திரும்பப் போக வழி இருக்கலாம். இங்கிலாந்தில் மறுபரிசீலனை கேட்க 28 நாள்தான் உண்டு. இந்தியாவில் போலீஸ் வழக்கை முடித்து வைத்து அறிக்கை தாக்கல் செய்தால், மாஜிஸ்திரேட் முன் ஆட்சேப மனு போடலாம்.

இடையில் சமாதானமாகப் போகச் சொல்லி வருகிறார்கள். வாபஸ் வாங்கினால் என்ன ஆகும்?

விசாரணை நீளும் காலம் முழுக்க இந்த அழுத்தம் வரும். ஊர்ப் பெரியவர் வருவார், தெரிந்த காவலர் வருவார், சில சமயம் பணத்தோடு வருவார்கள். கொலை, சித்திரவதை போன்ற கடும் குற்றங்களில் நீங்கள் வாபஸ் வாங்கினாலும் சட்டப்படி வழக்கு முடிந்துவிடாது. இங்கிலாந்திலும், புகார்தாரர் விலகினாலும் விஷயம் தீவிரமானது என்றால் ஒழுங்கீன விவகாரமாக அதைத் தொடர முடியும். ஆனால் நடைமுறையில், புகார்தாரர் இல்லாத கோப்புதான் முதலில் மூடப்படும்.

யாராவது மிரட்டினால் அதைத் தேதி, நேரம், வந்தவரின் பெயரோடு விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதுங்கள். இந்தியாவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். யோசிக்க வேண்டும் என்று சொல்லி அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் மறுத்ததையும் எழுதி வையுங்கள்.